லடாக் மலையில் கண்ட ஒளிகள்: வியப்பும் நகைப்பும்

ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எட்டு மாத இடைவெளியில் நம் நாட்டுப் பத்திரிகைகள் இரண்டு கதைகளைச் சொல்லின. 2012 நவம்பரில் வந்தது வியப்புக் கதை. சீன எல்லையை ஒட்டிய லடாக் மலைகளில் காவல் புரியும் நம் படையினர் இரவு வானில் இனம் தெரியாத ஒளிக்கோளங்களை நூறு முறைக்கு மேல் கண்டனர் என்றும், ராடாருக்கும் அகப்படாத அவை எவை என்று எவருக்கும் விளங்கவில்லை என்றும் அது கூறியது. 2013 ஜூலையில் வந்தது நகைப்புக் கதை. அந்த ஒளிகள் வியாழனும் வெள்ளியுமே என்றும், இரண்டு கோள்களைச் சீன உளவு விமானங்கள் என்று எண்ணி நம் படை மாதக்கணக்கில் காவல் காத்தது என்றும் அது கூறியது. முதற் கதையைப் படித்தவர்கள் பறக்கும் தட்டுகளைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

இவ்விரு கதைகளையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை சரியா தவறா என்பது மட்டுமன்று நம் கேள்வி. விடைக்கு எந்த வழியில் வந்தார்கள்? அந்த வழியை வாசகருக்குக் காட்டினார்களா? இவையும் முக்கியமானவை. முதற் கதை தவறான முடிவின் பக்கம் சாய்ந்தது. இரண்டாம் கதை சரியான முடிவைச் சொன்னது. ஆயினும், ஒரு சாதாரண மனிதர் தாமே சரிபார்த்துக்கொள்ள உதவும் அளவுகளை இரண்டும் விட்டுவிட்டன. அறிவியல் செய்தியின் உயிர் அந்த அளவுகளில்தான் இருக்கிறது.

செய்தி சொன்னது என்ன?

லடாக்கின் கிழக்கே பாங்காங் ஏரி கிடக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரம். நம் உதகமண்டலத்தின் உயரத்தைப் போல் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. நீண்டு ஒடுங்கிய அந்த ஏரியின் பெரும்பகுதி கிழக்கே சீனாவின் ஆட்சியில் உள்ளது. ஏரிக்கு அருகே தாக்குங் என்னுமிடத்தில் இருந்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர், 2012 ஆகஸ்டு 1 முதல் அக்டோபர் 15 வரை நூறு முறைக்கு மேல் ஒளிகளைக் கண்டதாக அறிக்கை அனுப்பினர் என்று ஆங்கில வார இதழ் ஒன்று எழுதியது. மஞ்சள் நிறக் கோளங்கள் சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து கிளம்பி, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை வானில் மெல்ல ஊர்ந்து, பின்னர் மறைந்தன என்பது அந்த வருணனை.

அடுத்து நடந்தவற்றையும் இதழ் விவரித்தது. படையினர் நகரும் ராடார் ஒன்றையும், வானொலி அலைகளைப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றையும் மலையுச்சிக்குக் கொண்டுசென்றனர். கண்ணுக்குத் தெரிந்த ஒளி ராடாரில் தெரியவில்லை. அலைக்கருவியிலும் எந்தச் சமிக்ஞையும் இல்லை. ஆளில்லா வேவு விமானம் ஒன்றை ஒளியை நோக்கி அனுப்பினர். அது தன் உச்ச உயரத்தை எட்டியும் ஒளியை நெருங்க முடியவில்லை. ஹான்லே வானாய்வகத்திலிருந்து வந்த வானியலார் மூன்று நாள் பார்த்துவிட்டு, இவை கோள்களோ விண்கற்களோ அல்ல என்று கூறினார்கள் என்றும் அச்செய்தியில் இருந்தது.

ராடாரின் மௌனம்

முதற் கதை பெரிதும் நம்பியிருந்தது ராடாரின் மௌனத்தை. ராடாரில் தெரியவில்லை, ஆகவே அந்தப் பொருள் உலோகத்தால் ஆனதாக இருக்க முடியாது என்று முடிவு கட்டப்பட்டது. இம்முடிவு வாசகருக்கு ஒரு திகிலை ஊட்டியது. ஆனால் இயற்பியல் மாணவன் ஒருவன் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் நான் மதிப்பெண் தந்திருக்க மாட்டேன்.

ராடார் எப்படி வேலை செய்கிறது? அது வானொலி அலைத் துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. அத்துடிப்பு பொருளின்மேல் பட்டுத் திரும்பி வருகிறது. போகும்போதும் அலை பரவி வலுவிழக்கிறது. திரும்பும்போதும் பரவி வலுவிழக்கிறது. ஆகவே திரும்பி வரும் அலையின் வலிமை, தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் வலிமை பதினாறில் ஒரு பங்காகிவிடும். தூரம் பத்து மடங்கானால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். எனவே ராடார் பேசாதிருப்பதற்குக் காரணம் பொருளின் தன்மையாகவும் இருக்கலாம், அதன் தூரமாகவும் இருக்கலாம். இரண்டாவது வாய்ப்பை முதற் கதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

அந்தத் தூரத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். 2012 செப்டம்பர் தொடக்கத்தில் வியாழன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 74 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. நொடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும் வானொலி அலை அதை அடைய 41 நிமிடம் வேண்டும். திரும்பி வர இன்னொரு 41 நிமிடம். சில நூறு கி.மீ.க்குள் விமானங்களைத் தேடும் ராடார், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் விடையை எதிர்பார்த்து அடுத்த துடிப்பை அனுப்பிவிடும். ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேலாகக் காத்திருக்க அதற்குத் தெரியாது.

ஆளில்லா விமானத்தின் கதையும் இதுவே. நாம் பேருந்தில் போகும்போது நிலா கூடவே வருவதைக் குழந்தைகள் கண்டு களிக்கிறார்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் நிலா நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. அது வெகு தொலைவில் இருப்பதே காரணம். ஒளியைத் துரத்திய விமானம் அதை நெருங்காதபோது, அந்த ஒளி தப்பி ஓடுகிறது என்று நினைக்கலாம். அது மிகத் தொலைவில் இருக்கிறது என்றும் நினைக்கலாம். ராடார், அலைக்கருவி, விமானம் ஆகிய மூன்றும் ஒரே குரலில் சொன்னது இரண்டாவதைத்தான்.

தொடுவானத்திலிருந்து எழும் ஒளி

ஒளிகள் சீனப் பக்கத்திலிருந்து கிளம்பின என்ற செய்தி அரசியல் நோக்கில் அச்சமூட்டுகிறது. ஆனால் பாங்காங் ஏரிக்கரையில் சீனப் பக்கம் என்பது கிழக்குப் பக்கம். ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் கோள்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் நாள்தோறும் கிளம்புகின்றன. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், வான்பொருள்கள் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அவை 45 முதல் 75 பாகை வரை நகரும். ஒளிகள் "மெல்ல ஊர்ந்தன" என்று படையினர் சொன்னது, விமானத்தின் நடையை விட வான்பொருளின் நடைக்கே பொருந்துகிறது.

இங்கே நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைத் துணைக்கு அழைக்கலாம். அதிலுள்ள பலன்களை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் கிரகநிலை வானியல் கணக்கு. 2012 மே மாதம் குரு மேஷ ராசியிலிருந்து ரிஷபத்துக்குப் பெயர்ந்தது. 2013 மே வரை அங்கேயே இருந்தது. ஆகஸ்டு நடுவில் அது பாங்காங் பகுதியில் நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்தில், கிழக்கிலிருந்து ஏறத்தாழ 26 பாகை வடக்கே தள்ளி உதித்தது. விடியல் வெளிச்சம் பரவுவதற்குள் நாலைந்து மணி நேரம் வானில் ஏறியது. படையினர் குறித்த "மூன்று முதல் ஐந்து மணி நேரம்" என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாள் செல்லச் செல்ல வியாழன் முன்னதாகவே உதிக்கலாயிற்று. நாளுக்குச் சுமார் 4 நிமிடம், மாதத்திற்குச் சுமார் 2 மணி. அக்டோபர் நடுவில் இரவு 9 மணிக்கு முன்பே உதித்தது. கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக ராசியில் இருக்கும். அதற்கு நேர் எதிரே ஏழாவது ராசி ரிஷபம். ஆகவே அந்த ஆண்டு கார்த்திகையில் சூரியன் மறையும் வேளையில் குரு எழுந்து இரவு முழுவதும் ஒளிர்ந்தது. டிசம்பர் 3 அன்று அது சூரியனுக்குச் சரியாக எதிர்நிலையில் இருந்தது. நவம்பர் 28, கார்த்திகைப் பௌர்ணமி இரவில் முழுநிலவுக்கு அருகே பளிச்சென்று நின்ற "விண்மீன்" அதுவே. அன்று அதை நம் ஊர்களிலும் பலர் பார்த்திருப்பார்கள். எவரும் எல்லை மீறல் என்று புகார் எழுதவில்லை.

வெள்ளியின் கதை வேறு. 2012 ஜூன் 6 அன்று அது சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்ததை நம் நாட்டிலும் மாணவர்கள் கண்ணாடி வடிப்பான்களை வைத்துப் பார்த்தார்கள். அதன்பின் அது விடிவெள்ளியாயிற்று. ஆகஸ்டு 15 அளவில் சூரியனிடமிருந்து மிகத் தள்ளி நின்று, இரவு 2 மணியளவிலேயே உதித்தது. பின்னர் மெல்ல மெல்லச் சூரியனை நெருங்கி, உதிக்கும் நேரமும் பிந்திக்கொண்டே போய், 2013 பிப்ரவரியில் காலை வெளிச்சத்தில் கரைந்தது. படையினரின் குறிப்புகளும் ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கின்றன.

ஆக, அவ்விரண்டும் கோள்களே என்றால் ஒரு தெளிவான அடையாளம் இருக்க வேண்டும். ஓர் ஒளி மாதந்தோறும் முந்த வேண்டும். மற்றொன்று மாதந்தோறும் பிந்த வேண்டும். உளவு விமானம் எதுவும் இந்தக் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டுப் பறக்காது.

இரண்டாம் கதையின் குறை

2013 ஜூலையில் வெளிவந்த செய்தி, பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் ஒளிகளை வியாழன், வெள்ளி என இனங்கண்டதைத் தெரிவித்தது. படையினர் 329 முறை ஒளிகளைக் கண்டதாகவும், அவற்றில் 155-ஐ எல்லை மீறலாகக் கருதியதாகவும் அது கூறியது. முதல் ஒளி மாலை 6 மணி முதல் காலை 5 மணி வரை தெரிந்தது. இரண்டாவது காலை 4 மணி முதல் 11 மணி வரை தெரிந்தது என்றும் குறிப்பிட்டது.

இந்த முடிவை நான் ஏற்கிறேன். காலை 11 மணி வரை தெரிந்தது என்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. இடம் தெரிந்து பார்த்தால் வெள்ளியைப் பகலிலும் வெறுங்கண்ணால் காணலாம். அத்தனை உயரத்தில் சூரிய ஒளியைச் சிதறடிக்கும் காற்று குறைவு. வானம் கருநீலமாக இருப்பதால் வெள்ளி இன்னும் எளிதாகத் தெரியும்.

ஆனால் செய்தி தந்த நேரங்களைக் கவனியுங்கள். ஆறு மாதத்திற்கும் மேலான குறிப்புகள் ஒரே ஒரு "மாலை 6 முதல் காலை 5 வரை" என்று சுருங்கிவிட்டன. வியாழன் மாலையிலிருந்து அதிகாலை வரை தெரிவது டிசம்பர் மாத நிலைமை. ஆகஸ்டில் அப்படி இல்லை. வெள்ளி 4 மணியளவில் உதிப்பது அக்டோபர் இறுதியையும் நவம்பரையும் ஒட்டிய நிலைமை. மாதத்திற்கு மாதம் ஒன்று முந்துவதும் மற்றது பிந்துவதும்தான் மறுக்க முடியாத சான்று. அந்தச் சான்றை ஒற்றை நேரமாகச் சுருக்கி அழித்துவிட்டு, முடிவை மட்டும் வாசகர் கையில் திணித்தது செய்தி. நிபுணர் சொன்னார், ஆகவே நம்பு என்பது அதன் தொனி. முதற் கதையும் நிபுணர் பேரைச் சொல்லித்தான் "கோள்கள் அல்ல" என்றது. இரண்டு செய்திகளிலும் நிபுணர்கள் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சார்ந்தவர்களே. முன்னது ஏன் தவறியது, பின்னது ஏன் சரி என்று விளக்க எந்தப் பத்திரிகையும் முன்வரவில்லை. அப்படியானால் வாசகர் எதை வைத்து ஒன்றைத் தள்ளி மற்றதைக் கொள்வார்?

இன்னொரு குறையும் உண்டு. 329 முறையும் கண்டவை இவ்விரு கோள்கள் மட்டும்தானா? ஒவ்வொரு குறிப்பும் கணக்கோடு ஒத்துப் பார்க்கப்பட்டதா? செய்தி இதைச் சொல்லவில்லை. பெரும்பாலானவை கோள்களாக இருந்து, சில செயற்கைக் கோள்களாகவோ விமானங்களாகவோ இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது வசதியானது. ஆனால் அது அறிவியல் முறை அன்று.

சிரிப்பதற்கு முன்

காவலர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவர்கள் நின்ற இடத்தை எண்ணிப் பார்க்கவில்லை. தஞ்சாவூரிலோ மதுரையிலோ தொடுவானத்தை ஒட்டி எழும் கோள், ஈரமும் தூசியும் நிறைந்த காற்றைத் துளைத்து வருவதால் மங்கித் தெரிகிறது. அது மேலே ஏறிய பின்னரே நம் கண்ணில் படும். பாங்காங் கரையில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். தூசியும் ஈரமும் மிகக் குறைவு. ஊர் விளக்குகளும் இல்லை. அங்கிருந்து தெற்கே உள்ள ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனம் 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியை நிறுவியதற்கும், 2022-இல் அப்பகுதி இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். அப்படிப்பட்ட வானில் மலை முகட்டின் பின்னிருந்து வெள்ளி திடீரென்று வெளிப்பட்டால், யாரோ விளக்கேற்றி உயர்த்தியது போலவே இருக்கும். இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியசைவிட வெள்ளி பத்து மடங்குக்கு மேல் பிரகாசமானது. வியாழன் அந்தக் காலத்தில் மூன்று மடங்கு பிரகாசமாக இருந்தது.

அடுத்து, கண்ணின் மயக்கம். சுற்றிலும் இருள் சூழ்ந்திருக்க ஒற்றை ஒளிப்புள்ளியை நெடுநேரம் உற்று நோக்கினால், அசையாத புள்ளியும் அசைவதாகத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்க அருகில் வேறு பொருள் இல்லாமையால், கண் தன் சொந்த அசைவைப் புள்ளியின் அசைவாகக் கொண்டுவிடுகிறது. 1799-இல் டெனெரீஃப் தீவின் மலைமேல் நின்று விண்மீன்களை நோக்கிய பேரறிஞர் ஹம்போல்ட்டும் இதைக் கண்டார்; விண்மீன்கள் உண்மையிலேயே ஊசலாடுவதாக நம்பி அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். ஊசலாட்டம் வானில் இல்லை, பார்ப்பவரிடத்தில் இருக்கிறது என்பது அரை நூற்றாண்டு கழித்தே தெளிந்தது. ஹம்போல்ட்டைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. குளிரில் துப்பாக்கியுடன் நின்ற காவலரைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்?

அவர்கள் சிரிப்புக்கு உரியவர்கள் அல்லர் என்பதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. அவர்கள் எழுதி வைத்தார்கள். ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை கண்டதைக் குறித்தார்கள். அந்தக் குறிப்புகள் இல்லாதிருந்தால் வியாழன் என்றோ வெள்ளி என்றோ எவரும் சொல்லியிருக்க முடியாது. ஒளிக்குப் பெயர் சூட்டியதில் அவர்கள் தவறினார்கள். ஒளியைப் பதிவு செய்ததில் தவறவில்லை. அறிவியலுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

ஒரு பழைய முன்மாதிரி

இத்தகைய விசாரணையை எப்படி நடத்தி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிரௌன் மலை என்றொரு தாழ்ந்த மலை இருக்கிறது. எதிர்ப்புற மலைகளிலிருந்து இரவில் பார்ப்பவர்கள் அதன்மேல் ஒளிகள் எழுவதைக் கண்டார்கள். 1913-இல் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை ஒருவரை அனுப்பியது. அவை ரயில் எஞ்சின்களின் முகப்பு விளக்குகள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். 1916-இல் பெருவெள்ளம் வந்து ரயில்கள் நின்றன. ஒளிகள் நிற்கவில்லை என்றனர் மக்கள். மர்மம் முன்னைவிட வலுத்தது.

1922-இல் அதே துறையைச் சேர்ந்த ஜார்ஜ் ராஜர்ஸ் மேன்ஸ்ஃபீல்டு அங்கு சென்றார். நில அளவையாளர்களின் வரைபலகையையும், அதன்மேல் வைத்துத் திசை பார்க்கும் சிறு தொலைநோக்கியையும் அவர் எடுத்துச் சென்றார். பல இரவுகள் மலைகளில் காத்திருந்து, தோன்றிய ஒவ்வோர் ஒளியின் திசையையும் உயரக் கோணத்தையும் நேரத்தையும் குறித்தார். பின்னர் வரைபடத்தின்மேல் அந்தத் திசையில் கோடு இழுத்தார். கோடுகள் பிரௌன் மலையைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கின் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் ஊர்களிலும் போய் விழுந்தன. தாம் கருவியால் அளந்த ஒளிகளில் 47 சதவீதம் மோட்டார் வண்டிகளின் விளக்குகள், 33 சதவீதம் ரயில் விளக்குகள், 10 சதவீதம் நிலையான விளக்குகள், 10 சதவீதம் புதர்த் தீ என்று அவர் எழுதினார். சதுப்புநில ஒளி, ஒளிரும் மரக்காளான், கள்ளச் சாராய அடுப்பு என்று மக்கள் சொன்ன விளக்கங்களை எள்ளி நகையாடாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஏன் பொருந்தாது என்றும் காட்டினார்.

இந்த அறிக்கையிலும் குறை காணலாம். சில இரவுகளில் அளந்த சில ஒளிகளைச் சதவீதமாக்குவது, எண்ணிக்கை பெரிது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். அவர் வருமுன் கண்டவற்றுக்கு அந்தச் சதவீதம் பொருந்தும் என்பதும் நிச்சயமில்லை. அதைவிடப் பெரிய குறை, அவ்வறிக்கை முறையான அச்சு வெளியீடாக வந்தது 1971-இல்தான். இடைப்பட்ட 49 ஆண்டுகளில் மர்மக் கதைகள் மட்டும் வளர்ந்தன. எனினும் அடிப்படையில் அது நேர்மையான எழுத்து. ஒரே காரணம் எல்லா ஒளிகளுக்கும் பொருந்தும் என்று அது சொல்லவில்லை. 1913-இன் விடை தோற்றது தவறாக இருந்ததால் அன்று. ஒரு பகுதி உண்மையை முழு உண்மையாகச் சொன்னதால்தான். லடாக் செய்தியும் இந்த ஆபத்தில்தான் நிற்கிறது.

எல்லா மலை ஒளிகளும் இப்படி அடங்கிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980-களின் தொடக்கத்தில் பலர் ஒளிகளைக் கண்டனர். 1984-இல் கருவிகளோடு களஆய்வு நடந்தது. 1998 முதல் தானியங்கி நிலையம் ஒன்று அங்கே வானைப் படம் பிடிக்கிறது. அவற்றில் சில கார் விளக்குகள் என்று தெளிந்துவிட்டன. சிலவற்றுக்கு ஒருமித்த விளக்கம் இன்னும் எட்டப்படவில்லை. தெரிந்ததைக் கழித்த பிறகு எஞ்சுவதைப் புதிர் என்று சொல்வதில் தவறில்லை. கழிப்பதற்கு முன்பே அப்படிச் சொல்வதுதான் தவறு.

விளையாட்டன்று

இதெல்லாம் பொழுதுபோக்கு விவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. 1960 அக்டோபர் 5 அன்று, கிரீன்லாந்தின் தூலேயில் அப்போதுதான் அமைக்கப்பட்டிருந்த அமெரிக்க ராடார் நிலையம், சோவியத் ஏவுகணைகள் கூட்டமாக வருவதாக எச்சரித்தது. உண்மையில் அதன் வலிமை மிக்க அலைகள் நார்வேயின் மேல் உதித்துக்கொண்டிருந்த நிலாவில் பட்டுத் திரும்பியிருந்தன. திரும்பிவர இரண்டரை நொடி எடுத்த அந்த அலையைக் கருவி அருகிலுள்ள பொருளாக எடுத்துக்கொண்டது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் அன்று நியூயார்க்கில்தான் இருக்கிறார், அப்படியிருக்க எப்படித் தாக்குவார்கள் என்று அதிகாரிகள் யோசித்ததும் உலகைக் காத்தது. அங்கே ராடார் பேசியதால் குழப்பம். லடாக்கில் ராடார் பேசாததால் குழப்பம். கருவி தருவது ஓர் அளவு மட்டுமே. அதற்குப் பொருள் காண்பது மனிதனின் வேலை.

லடாக்கில் நிலைமை அதைவிட அமைதியானதன்று. ஒளிக் குறிப்புகள் முடிந்த இரண்டே மாதத்தில், 2013 ஏப்ரலில், தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரமடித்தனர். மூன்று வாரம் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் இருபது பேர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட எல்லையில் ஒரு கோளை விமானமாக எண்ணி எவரேனும் சுட்டிருந்தால், எதிர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கு அது வியாழனை நோக்கிச் சுட்டதாகத் தெரிந்திருக்காது. சுடாமல் குறித்து வைத்து, தெரிந்தவர்களைக் கேட்டார்கள். இந்த நல்ல செயலே இரண்டாம் கதையின் தலைப்பாக இருந்திருக்க வேண்டும்.

ஒளியைக் கண்டால் செய்ய வேண்டியவை

வாசகர்கள், குறிப்பாக மலையூர்களில் வாழ்பவர்கள், இரவு வானில் புரியாத ஒளியைக் காண நேர்ந்தால் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளலாம். முதலாவது, தேதியும் நேரமும். இரண்டாவது, திசை, காந்த ஊசி இல்லாவிட்டால் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அடையாளமாகக் கொண்டு, நின்ற இடத்தையும் குறித்துவைத்தால் பகலில் திசையைக் கணக்கிடலாம். மூன்றாவது, தொடுவானத்திலிருந்து உயரம். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நான்காவது, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அளவுகள். கால் மணி நேரத்தில் நாலு பாகை அளவுக்கு, அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வான்பொருளே.

முடிந்தால் இருபது கி.மீ. தள்ளியிருக்கும் நண்பர் ஒருவரும் அதே நேரத்தில் பார்க்கட்டும். இருபது கி.மீ. தொலைவில் பறக்கும் விமானமானால் இருவருக்கும் அது தெரியும் திசைகள் பல பாகை வேறுபடும். சில நிலைகளில் 45 பாகை வரை கூட வேறுபடும். கோளாயின் சிறிதும் வேறுபடாது. பள்ளிப் பாடத்தில் படித்த இடமாறு தோற்றம்தான் இது. பாங்காங் ஏரியைச் சுற்றிய இரண்டு காவல் நிலைகளில் ஒரே இரவில் எடுத்த இரண்டு கோணங்கள், ராடாரும் ஆளில்லா விமானமும் தீர்க்காத ஐயத்தைத் தீர்த்திருக்கும். அதற்கு ஆகும் செலவு இரண்டு காந்த ஊசிகளும் ஒரு தொலைபேசி அழைப்பும்.

பத்திரிகைகளுக்கும் இதுவே வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட ஒளிச் செய்தி வரும்போது "மர்மம்" என்றோ "ஏமாந்தனர்" என்றோ தலைப்பிடுவதற்கு முன், நேரம் என்ன, திசை என்ன, எவ்வளவு உயரம் என்று கேட்டு, கிடைத்த விடையை அப்படியே அச்சிடுங்கள். வாசகர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் தாமே முடிவுக்கு வருவார்.